குல்மார்க் ஃபேஸ் 2: பிளாக்கா, டபுள் பிளாக்கா?

ஜனவரி 4, இரவு 9.40 | உறைபனி

பிப்ரவரியில் எட்டு நாள் காஷ்மீரின் குல்மார்க்கில் ஸ்கீ ஓட்டப் போகிறேன். ஆல்ப்ஸில் பிளாக் ரன் (கறுப்புக் குறியிட்ட கடினமான சரிவு) எல்லாம் தடுமாறாமல் இறங்குவேன். கொண்டோலா கேபிள் காரின் இரண்டாம் கட்டமான ஃபேஸ் 2 உச்சியிலிருந்து இறங்குவது அந்தக் கணக்கில் பிளாக்கா, அமெரிக்காவில் சொல்வது போல அதையும் மிஞ்சிய டபுள் பிளாக்கா? வீடியோவில் சரிவு அப்படியொன்றும் பயமுறுத்தவில்லை. கைடு வேண்டுமா, வீண் செலவா?

ஜனவரி 4, இரவு 11.15 | வழுக்குமரம்

அங்கே கலரே கிடையாது. நீலம், சிவப்பு, கறுப்பு என்று கம்பம் நட்டு, இரவில் மெஷின் ஓட்டிப் பனியைச் சீவி வைக்கும் இடமல்ல அது. கொண்டோலா உங்களைச் சுமார் 3,950 மீட்டரில் அபர்வத் மலையின் தோளில் இறக்கிவிடும். அதற்கப்புறம் மலை உங்கள் பொறுப்பு.

கணக்குக்கு: குல்மார்க் மைதானம் சுமார் 2,650 மீ. ஃபேஸ் 1 ஏற்றிவிடும் கொங்டூரி சுமார் 3,080 மீ. அங்கிருந்து ஃபேஸ் 2 இன்னொரு 900 மீட்டர் தூக்குகிறது. ஃபேஸ் 1 ஓட ஆரம்பித்தது 1998இல், ஃபேஸ் 2 வந்தது 2005இல்.

மேல் ஸ்டேஷனுக்கு நேர் கீழே கிண்ணம் போல இருக்கும் மெயின் பவுலை மட்டும்தான் ஸ்கீ பட்ரோல் (பாதுகாப்புக் குழு) பார்த்துத் திறக்கிறது. பவுலின் எல்லைக் கயிற்றுக்கு வெளியே இடது வலது இரண்டு பக்கமும் யாரும் பனிச்சரிவைக் கட்டுப்படுத்துவதில்லை. பவுல் திறந்திருக்கிறது என்பதை மலை திறந்திருக்கிறது என்று படித்துவிடாதீர்கள். பாதிப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கைடு வேண்டும்.

ஜனவரி 5, காலை 7.20 | வழுக்குமரம்

நேற்று அவசரத்தில் அடித்தது. சரிவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், சொல்லாமல் விட்டேன்.

பவுலின் பெரும்பகுதி 30 டிகிரியைச் சுற்றி. உச்சியில் முதல் நூறு மீட்டரைக் காற்று அரித்து வைத்திருக்கும். மேலே கெட்டியான பனி ஓடு, உள்ளே குழி, நடுவில் கல். ஆல்ப்ஸ் பிளாக் ஓட்டியவருக்குச் சாய்வு புதிதாக இருக்காது, தரைதான் புதிது. ஒரே இறக்கத்தில் காற்றடித்த ஓடு, முழங்கால் ஆழத்துக்குப் பவுடர் (புதிய உதிரிப் பனி), கூட்டம் உழுத மேடு, கொங்டூரி பக்கம் கனத்த பனி என்று நாலும் வரும். திறந்த நாளன்று இரண்டு மணி நேரத்தில் பவுல் முழுக்கத் தடம் விழுந்துவிடும். அதற்கப்புறம் எல்லார் கண்ணும் கயிற்றுக்கு வெளியேதான் போகும்.

வீடியோவில் சரிவு தட்டையாகத்தான் தெரியும். ஹெல்மெட் கேமராவின் அகலக் கோணம் எந்த மலையையும் மொட்டைமாடி ஆக்கிவிடும்.

ஜனவரி 5, பகல் 1.05 | உறைபனி

30 டிகிரி என்றால் பிளாக்கூட இல்லையே? பனிச்சரிவு இன்னும் செங்குத்தான இடத்தில்தானே வரும்?

ஜனவரி 5, இரவு 10.30 | வழுக்குமரம்

இல்லை. ரொம்பச் செங்குத்தான இடத்தில் பனி சேரவே சேராது, அவ்வப்போது தானாக உதிர்ந்துவிடும். பலகையாகப் பிளந்து வருவது பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள்; 38ஐ ஒட்டி அதிகம். ஸ்கீ ஓட்ட நமக்கு எது சுகமோ அதே சாய்வு.

அபர்வத்துக்குச் சொந்தமாக இரண்டு வியாதி உண்டு.

முதல் வியாதி அடியில். டிசம்பரில் பனி அரை மீட்டர்தான் இருக்கிறது என்று வையுங்கள். தரை 0 டிகிரியை ஒட்டி, மேலே காற்று மைனஸ் 15. அரை மீட்டருக்குள் 15 டிகிரி வித்தியாசம், அதாவது 10 செ.மீ.க்கு 3 டிகிரி. 10 செ.மீ.க்கு 1 டிகிரியைத் தாண்டினாலே பனிமணிகள் ஒட்டும் குணத்தை இழந்து, கோணம் கோணமாக வளர்ந்து உதிரியாகிவிடும். கையில் அள்ளினால் வறுத்த ரவை மாதிரி விரலிடுக்கில் வழியும். இதன்மேல் ஜனவரியில் மேற்கத்திய காற்றுச் சலனம் வந்து இரண்டு மூன்று நாளில் ஒரு மீட்டர் கொட்டினால், ரவைமேல் தோசைக்கல்லை வைத்த கதைதான். கல் கனமாக, அழகாக, வழவழப்பாக இருக்கும். நிற்பது ரவையில்.

இரண்டாவது வியாதி காற்று. அது மேற்கிலிருந்து முகட்டைத் தாண்டி வீசுகிறது. நாம் இறங்குவது கிழக்கு, வடகிழக்கு முகம். அந்தப் பக்கத்துப் பனியையும் அள்ளி இந்தப் பக்கம் கொட்டும். ஊரில் 30 செ.மீ. விழுந்தால் முகட்டுக்குக் கீழே பள்ளங்களில் அதைப்போல இரண்டு மடங்கு கிடக்கலாம். ஹோட்டல் வாசலில் அளந்த கணக்கு மேலே செல்லாது.

2023 பிப்ரவரி 1இல் அபர்வத்தின் ஹபத்குத் பக்கம் பனிச்சரிவில் இரண்டு போலந்துக்காரர்கள் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22இல் மலையடிப் புல்வெளியான கிலன்மர்க்குக்கு மேலே ஒரு ரஷ்யர். இரண்டுமே பனி கொட்டி ஓய்ந்த கையோடு, கயிற்றுக்கு வெளியே.

ஜனவரி 6, காலை 8.10 | உறைபனி

சாய்வை எப்படி அளப்பது? கண்ணால் முடியாது என்று புரிகிறது.

ஜனவரி 6, காலை 9.00 | வழுக்குமரம்

இரண்டு ஸ்கீ கம்பு போதும். இரண்டும் ஒரே நீளம். ஒன்றைப் படுக்கையாக நீட்டி நுனியை மேல்சரிவில் தொடவிடுங்கள். வெளியே நிற்கும் அதன் கைப்பிடி முனையில் மற்றதை நேர்க்குத்தாகத் தொங்கவிட்டு நுனி பனியைத் தொடும்வரை இறக்குங்கள். குத்துக்கம்பு முழு நீளமும் இறங்கினால் 45 டிகிரி, பாதி இறங்கினால் 30.

ஜனவரி 6, காலை 9.25 | உறைபனி

பாதி என்றால் டேன் 0.5. அது 26.6 அல்லவா வருகிறது?

ஜனவரி 6, காலை 9.50 | வழுக்குமரம்

சரி, மாட்டிக்கொண்டேன். பாதி என்பது 26.6தான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள், நான் பனியில் குத்துமதிப்பாகப் போட்டுவிட்டேன்.

120 செ.மீ. கம்புக்குச் சரியான அளவு, நுனியிலிருந்து: 69 செ.மீ. என்றால் 30 டிகிரி, 84 என்றால் 35, 101 என்றால் 40. மூன்று இடத்திலும் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று. உங்கள் கம்பு வேறு நீளம் என்றால் நீளத்தை 0.577, 0.70, 0.84 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். பவுடரில் நுனி புதைந்தால் சாய்வு கூடுதலாகக் காட்டும். கூடை பனிமேல் உட்கார்ந்தால் அங்கிருந்து எண்ணிக் கழித்துவிடுங்கள்.

போனில் ஆப் இருக்கிறது, மறுக்கவில்லை. மைனஸ் 15இல் போன் 40 சதவீதத்திலிருந்து நேராகச் செத்துவிடும். டேப் சாகாது.

இன்னொன்று: நீங்கள் நிற்கும் இடம் 25 டிகிரியாக இருந்தால் போதாது. தலைக்கு மேலே தொங்குவதும் சேர்த்தி. 2010 பிப்ரவரி 8இல் கிலன்மர்க்கில் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளியைச் சேர்ந்த 17 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். மலையில் பயிற்சி எடுப்பதே வேலையாக இருந்தவர்கள். கொங்டூரிக்கும் கிலன்மர்க்குக்கும் குறுக்கே ஓட்டும்போது கால் கீழே இருக்கட்டும், கண் மேலே இருக்கட்டும்.

ஜனவரி 7, இரவு 8.45 | பைன்காட்டான்

பாதுகாப்புத் துறை ஆய்வகமான டி.ஜி.ஆர்.இ. தரும் பனிச்சரிவு புல்லட்டின் பார்த்தால் போதாதா? பனியில் குழி தோண்டிச் சோதித்துப் பார்ப்பது எல்லாம் ஓவர் இல்லையா?

ஜனவரி 7, இரவு 10.20 | வழுக்குமரம்

அந்தப் புல்லட்டின் மாவட்ட அளவு. பாராமுல்லா மாவட்டம் முழுக்க ஒரே எண். அபர்வத்தின் எந்தப் பள்ளம் என்று அது சொல்லாது. கட்டாயம் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். காலையில் பட்ரோல் அறையில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். 1 முதல் 5 வரை உள்ள அளவுகோலில் 3 என்றால் நடுவாந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். உலகம் முழுக்க ஸ்கீ ஓட்டிகள் அதிகம் சாவது 3இல்தான். 5 என்றால் யாரும் வெளியே வருவதில்லை.

குழி ஓவர் இல்லை, ஆனால் குழியை நம்பிச் சரிவில் இறங்குவது ஓவர். செய்முறை: இறங்கப்போகும் சரிவின் அதே திசை, அதே உயரம், ஆனால் பாதுகாப்பான சின்ன இடம். அகலம் 90 செ.மீ., உள்வாட்டம் 30 செ.மீ. என்று ஒரு தூணைச் சுற்றிலும் அறுத்துப் பிரிக்கவும். ஒரு ஓரத்தில் ஷவல் (பனி அள்ளும் மண்வாரி) தகட்டை வைத்து மணிக்கட்டால் 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. எத்தனையாவது தட்டில் விரிசல் விழுந்தது என்பதைவிட, விரிசல் ஒரே அடியில் அந்த 90 செ.மீ.யையும் ஓடிக் கடந்ததா என்பதுதான் விஷயம். ஓடினால் திரும்பிவிடுங்கள். ஓடவில்லை என்றால், அந்த ஒரு இடத்தில் ஓடவில்லை என்று மட்டும் அர்த்தம். குழி 'வேண்டாம்' என்று சொன்னால் கேட்கலாம். 'போ' என்று சொன்னால் நம்பக் கூடாது.

குழி தோண்டாமலே தெரிவதும் உண்டு: பக்கத்துச் சரிவில் புதிதாக உடைந்த கோடு, காலடியில் 'வும்ஃப்' என்று பனி அமுங்கும் சத்தம், ஸ்கீ முனையிலிருந்து ஓடும் விரிசல். இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கு 30 டிகிரிக்குக் கீழேதான்.

ஜனவரி 8, காலை 6.55 | வழுக்குமரம்

பீக்கன் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கச் சிக்னல் அனுப்பும் கருவி) பற்றி யாரும் கேட்கவில்லை. அதனாலேயே சொல்கிறேன்.

பீக்கன், ப்ரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), ஷவல் மூன்றும் ஆளாளுக்கு. வாடகைக்கு எடுத்தால் மூன்று ஆன்டெனா உள்ளதாகப் பார்த்து எடுங்கள். அலைவரிசை எல்லாவற்றிலும் 457 கிலோஹெர்ட்ஸ்தான், பிராண்ட் வேறானாலும் பேசிக்கொள்ளும். பேட்டரி அல்கலைன். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் மீட்டர் கடைசிவரை நிறைய இருப்பதாகக் காட்டிவிட்டு ஒரேயடியாகக் கவிழ்க்கும். போன் பீக்கனிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்கட்டும்; தேடும்போது 50 செ.மீ. சூடேற்றும் கையுறையும் அதே வகைத் தொல்லைதான்.

தேடும் முறை: சரிவின்மேல் 40 மீட்டர் அகலக் கோடுகளாக இறங்குங்கள். சிக்னல் கிடைத்ததும் பீக்கன் காட்டும் அம்புக்குறி வழியே போங்கள். எண் 3 மீட்டருக்குக் கீழே வந்ததும் குனிந்து, பீக்கனைப் பனியோடு ஒட்டி, திருப்பாமல், மெதுவாகக் கூட்டல் குறி போல நகர்த்துங்கள். பதற்றத்தில் எல்லாரும் இங்கேதான் கையை வீசிவிடுகிறார்கள், எண் குதித்துக் குழம்பும். குறைந்த எண்ணில் ப்ரோப்பைச் சரிவுக்குச் செங்குத்தாக இறக்குங்கள், வானத்தைப் பார்த்து நேர்க்குத்தாக அல்ல. 25 செ.மீ. இடைவெளியில் சுருள் வடிவில் குத்திக்கொண்டே போங்கள். தட்டுப்பட்டால் ப்ரோப்பை எடுக்காதீர்கள். ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு கீழே தள்ளி நின்று, உள்நோக்கித் தோண்டுங்கள். நேர் மேலிருந்து தோண்டினால் ஆளின் முகத்தருகே மூச்சுக்கு மிஞ்சிய காற்று இடைவெளியை நீங்களே மிதிப்பீர்கள்.

பழைய கணக்குப்படி முதல் 15 நிமிடத்தில் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள், 35 நிமிடத்தில் மூன்றில் ஒருவர். புதிய சுவிஸ் கணக்கு அந்த முதல் சன்னலை 10 நிமிடமாகச் சுருக்கிவிட்டது. ஹெலிகாப்டர் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பக்கத்தில் நிற்கும் ஆள்தான் ஆம்புலன்ஸ்.

ஜனவரி 8, பகல் 12.40 | உறைபனி

ஏர்பேக் பை (பனிச்சரிவில் உப்பி மேலே மிதக்கவைக்கும் முதுகுப்பை) கொண்டுவரலாமா? இன்ரீச் சாட்டிலைட் கருவியும் இருக்கிறது.

ஜனவரி 8, பகல் 2.15 | வழுக்குமரம்

இன்ரீச்சை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். உரிமம் இல்லாமல் சாட்டிலைட் கருவி வைத்திருப்பது இந்தியாவில் சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் பிடித்தால் மலை பார்க்காமலே விடுமுறை முடியும். காஷ்மீரில் 'அவசரத்துக்கு வைத்திருந்தேன்' எடுபடாது.

போன் சிம்: வெளிமாநில ப்ரீபெய்ட் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் வேண்டும். சென்னையில் ஏறுவதற்கு முன்பே மாற்றுங்கள்.

ஏர்பேக்: சிலிண்டர் வகை என்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி. ஒருமுறை இழுத்துப் பயிற்சி செய்துவிட்டால் அங்கே நிரப்புவது தனிப் பாடு. மின்விசிறி வகைக்கு இந்தத் தொல்லை குறைவு. பை இருக்கிறது என்பதற்காக 38 டிகிரி இறங்கலாம் என்று தோன்றினால், பையைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி யோசிக்கவும்.

பூட் உங்களுடையதாக இருக்கட்டும். ஸ்கீ அங்கே கிடைக்கும், நடு அகலம் 105 முதல் 115 மி.மீ. வரை. நடு அகலம் 85 மி.மீ. உள்ள ஆல்ப்ஸ் ஸ்கீயைத் தூக்கி வந்தால் நீர்மூழ்கிக் கப்பல்தான்.

ஜனவரி 9, இரவு 11.50 | வழுக்குமரம்

ஓட்டும் முறைக்கு வருவோம். மெஷின் சீவிய சரிவில் பழகியவர் வெளிக்காலில் முழுப் பாரத்தையும் போட்டுத் திருப்புவார். ஆழப் பவுடரில் அதைச் செய்தால் பாரமேறிய ஸ்கீ மூழ்கும், மற்றது மிதக்கும், நடுவில் நீங்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இரண்டு காலும் ஒட்டி, சம பாரம், இரண்டையும் ஒரே பலகையாக நினைத்து அமுக்கி, எழுந்து, அமுக்கி.

பின்னால் சாய்ந்து ஓட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அது அந்தக் காலத்து ஒல்லி ஸ்கீக்கு. முன்முனை தூக்கிய இன்றைய அகல ஸ்கீயில் கணைக்கால் பூட்டின் நாக்கைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். பின்னால் சாய்ந்தால் பத்தாவது திருப்பத்தில் தொடை எரியும். 3,950 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 62 சதவீதம். எரிந்த தொடை அங்கே சீக்கிரம் ஆறாது. எட்டுத் திருப்பம், ஓரமாக நின்று மூச்சு, மறுபடி எட்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சை வெளியே விடுவது தானாக வராது, சொல்லிப் பழக்க வேண்டும்.

விழுந்தால்: இரண்டு கம்பையும் பெருக்கல் குறியாகப் பனிமேல் வைத்து நடுவில் கையூன்றி எழவும். வெறும் கையை ஊன்றினால் தோள்வரை உள்ளே போகும். கழன்ற ஸ்கீயை விழுந்த இடத்துக்குக் கீழே தேடாதீர்கள். அது பெரும்பாலும் மேலே, நீங்கள் தடுக்கிய இடத்திலேயே புதைந்திருக்கும். மற்ற ஸ்கீயின் வாலால் குறுக்கே அறுத்துக்கொண்டே போனால் 'டக்' என்று தட்டும். காலணியை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கில் இரண்டு மீட்டர் பளிச்சென்ற ரிப்பனைக் கட்டி பேன்ட்டுக்குள் செருகியிருந்தால் அரை மணி நேரம் மிச்சம்.

திரும்ப மாட்டும்போது பள்ளத்துப் பக்கத்து ஸ்கீயை முதலில். பூட் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். ஊசி (pin) வகை பைண்டிங் என்றால் பூட்டின் முன்குழியில் உறைந்த ஐஸைக் குத்தி எடுக்க வேண்டும். 'க்ளிக்' சத்தம் ஐஸோடும் வரும், அடுத்த திருப்பத்தில் கழன்றுகொள்ளும்.

ஜனவரி 10, காலை 7.30 | பைன்காட்டான்

மேலே மூடிய நாளில் மங்கி ஹில், பாபா ரேஷி பக்கம் மரங்களுக்குள் ஓட்டலாம், அது சேஃப். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 10, காலை 8.40 | வழுக்குமரம்

பாதி சரி. பனிச்சரிவு ஆபத்து குறைவு, வேறு ஆபத்து வருகிறது. ஃபிர் மரத்தின் தாழ்ந்த கிளை பனியைத் தடுத்துவிடுவதால் அடிமரத்தைச் சுற்றிக் கிணறு போலப் பொள்ளலாக இருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வர முடியாது, கத்தினாலும் பத்தடிக்குக் கேட்காது. கம்பின் பட்டையை மணிக்கட்டில் மாட்டாதீர்கள். விசில் வாய்க்கு எட்டும் இடத்தில். இரண்டிரண்டு பேராக, கண்ணில் படும் தூரத்தில். மரத்தைப் பார்த்து ஓட்டினால் மரத்தில்தான் முடியும். இடைவெளியைப் பார்த்து ஓட்டுங்கள்.

ஜனவரி 11, இரவு 9.00 | வழுக்குமரம்

உயரம் பற்றி விட்டுப்போனது. முதல் நாளே ஃபேஸ் 2 வேண்டாம். இரண்டு இரவு ஊரில் தூங்கிவிட்டு மூன்றாம் நாள் ஏறுங்கள். நல்ல வேளையாக இங்கே படுக்கை 2,650இல், ஓட்டம்தான் உயரத்தில். தலைவலி வந்து, கீழே இறங்கியும் விடவில்லை என்றால் மறுநாள் ஓய்வு. உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை 125 மி.கி. இரண்டு வேளை என்பது வழக்கமான முன்காப்பு அளவு, ஆனால் மருத்துவரைக் கேட்டுத்தான்; சல்ஃபா அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பைன்காட்டான் தனியாகக் கேட்டது: மார்ச்சில் வரலாமா? வரலாம், ஆனால் முகம் கிழக்கு. வெயில் அங்கேதான் முதலில் விழும். 34ஆவது அட்சரேகை வெயில், ஆல்ப்ஸ் வெயில் அல்ல. காலை பத்து வாக்கில் கொண்டோலா ஓட ஆரம்பிக்கும்போதே மேற்பனி இளகத் தொடங்கியிருக்கும். பனி உருண்டைகள் தானாகச் சக்கரம் போல உருள்வதைப் பார்த்தால் அந்த முகத்தை அன்றைக்கு மறந்துவிடுங்கள்.

முகட்டுக்குப் பின்பக்கம் எந்த மாதத்திலும் இறங்காதீர்கள். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு அந்தப் பக்கம். அங்கே காத்திருப்பது பட்ரோல் அல்ல.

ஜனவரி 12, காலை 10.10 | உறைபனி

எட்டு நாளும் ஃபேஸ் 2 மூடியே இருந்தால்?

ஜனவரி 12, காலை 11.30 | வழுக்குமரம்

இருக்கலாம். சலனம் வந்தால் இரண்டு மூன்று நாள் காற்று, அப்புறம் பட்ரோல் பார்த்துத் திறக்க ஒன்றிரண்டு நாள். எட்டில் மூன்று நாள் மேலே கிடைத்தால் நல்ல யோகம். பனியே வராமலும் போகலாம். 2024 ஜனவரியில் மாதக் கடைசிவரை மைதானம் பழுப்பாகக் கிடந்தது. டிக்கெட்டைப் பத்து நாளாக்க முடிந்தால் ஆக்குங்கள். ஃபேஸ் 2 நின்று கொங்டூரி வரை ஓடினால் மேரிஸ் ஷோல்டர் சேர் லிஃப்ட் ஓடுகிறதா என்று கேளுங்கள், சில நாள் ஓடும்.

அதுவும் இல்லை என்றால் கைடிடம் ட்ரங் அல்லது தங்மர்க் இறக்கம் கேளுங்கள். தங்மர்க் சுமார் 2,150 மீட்டரில். மேல் ஸ்டேஷன் திறந்து நிலைமையும் நன்றாக இருக்கும் நாளில் அங்கிருந்து 1,800 மீட்டர் இறக்கம். கீழே பனி இருக்கிறதா என்பதை முந்தின நாளே விசாரியுங்கள், இல்லாவிட்டால் கடைசி அரை மணி ஸ்கீயைத் தோளில் போட்டு ஆப்பிள் தோட்டத்துச் சேற்றில் நடை.

வண்டியைக் காலையிலேயே பேசி, கீழே நிற்கச் சொல்லுங்கள். பனி நாளில் தங்மர்க்கிலிருந்து மேலே சங்கிலி போட்ட வண்டியையோ 4×4 வண்டியையோதான் விடுவார்கள். டிரைவர் நம்பரைக் காகிதத்திலும் எழுதி வையுங்கள். போன் என்ன ஆகும் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.